கலுங்குக்கு நேரே எங்கள் தெரு

"வெள்ளம் வரும்போது மேடான இடத்துக்குச் செல்லுங்கள்" என்று அச்சடித்திருக்கிறார்கள். எந்த மேடு?

என் கையில் இருப்பது ஒரு துண்டறிக்கை. பேரிடர் ஆயத்தம் பற்றியது. மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டையும் கடையையும் எப்படிப் பத்திரப்படுத்துவது என்று சொல்கிறது. எங்க பக்கம் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் கொடுத்தார்கள். அடித்தளத்தை மூணடி உயர்த்து. கூரையைக் கொக்கி போட்டு இறுக்கு. பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் போட்டு வை. வீட்டைக் காப்பீடு செய். வெள்ளம் வந்தால் மேட்டுக்குப் போ. கூடவே படமும் போட்டிருக்கிறார்கள். படத்தில் உள்ள வீட்டுக்கு மாடி இருக்கிறது, காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது, சுவரோரம் கார் ஒன்று நிற்கிறது. இதை எழுதினவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தன் வீட்டை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

கூட்டத்தில் எங்க சித்தி எந்திரிச்சுக் கேட்டுச்சு: "ஓலை வீட்டுக்கு எம்புட்டு சார் பிரீமியம் கட்டணும்?" அலுவலர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

எங்க ஊரில் மேடு என்றால் நாலே இடம். கோயில் திடல், ஊர்ச் சாவடி, பெரிய வீட்டுக் களம், பள்ளிக்கூடம். முதல் மூன்றிலும் நாங்கள் கால் வைக்க முடியாது. பள்ளிக்கூடத்துச் சாவி ஊருக்குள்ளே இருக்கும். ஒரு ஐப்பசி ராத்திரி இடுப்பளவுத் தண்ணியில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். திறந்துதான் விட்டார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. ரெண்டு வகுப்பறையிலும் ஊர்ச் சனம். எங்களுக்கு வராந்தா. சாரல் அடிக்கிற பக்கம். எங்களுக்கும் அவர்களுக்கும் மேலே ஒரே மழைதான் பெய்தது. ஆனாலும் இடையில் கதவு இருந்தது.

பேரிடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதவைப் பற்றிப் பேசுவதில்லை. காற்றின் வேகம், மழையின் அளவு, தாழ்வழுத்த மண்டலம் என்று வானத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். கொஞ்சம் கீழே குனிந்து, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு.

மதுரைச் சுற்றுவட்டத்தில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேலே ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. சங்கிலி மாதிரி. மேலே ஒரு கரை உடைஞ்சா கீழே வரிசையா உடையும். இந்தக் கணக்குத் தெரிந்துதான் பழைய ஆட்கள் ஊரை அமைத்தார்கள். கரைக்குக் கீழே வயல். வயலைத் தாண்டி மேட்டில் ஊர். கலுங்கிலிருந்து இறங்குகிற மறுகால் ஓடை ஒரு ஓரமாகப் போகும். அந்த ஓடைக்கும் வயலுக்கும் நடுவில், விதைக்கவும் ஆகாத வீடு கட்டவும் ஆகாத ஒரு பள்ளம் கிடக்கும். அங்கே பாருங்கள், நாங்கள் இருப்போம். இது இயற்கையின் சீற்றமா? இயற்கைக்கு எங்கள் சாதி தெரியாது. தெரிந்தவர்கள் எங்களை இயற்கைக்கு நேரே உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. ஊரையே வெள்ளத்திலிருந்து காத்தவன் எவன்? எங்க தாத்தா நீர்பாய்ச்சி. அவருக்கு முன்னால் அவங்கய்யா. மடை திறக்கிறது, அடைக்கிறது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது, கலுங்கில் பலகை போடுவது, எடுப்பது எல்லாம் அவர் வேலை. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் பல கண்மாய்களில் இந்த வேலை நம்ம ஆளுகளிடம்தான் இருந்தது. சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் அள்ளிப் போடுகிற நெல்தான். அந்தக் கூலிக்குப் பேர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'. பேரை வைத்தவன் கெட்டிக்காரன்.

தாத்தாவுக்கு வானத்தைப் படிக்கத் தெரியும். கரையில் உள்ள எலி வளை, நண்டு வளை ஒவ்வொன்றும் தெரியும். கரைக்கு வெளிப்புறம் ஈரம் கசிந்தால் கையில் தொட்டுப் பார்ப்பார். தெளிவாக வந்தால் பொறுக்கலாம், மண் கலந்து கலங்கலாக வந்தால் உள்ளே கரை அரிக்குது, இன்னைக்கு ராத்திரியே ஆளைக் கூப்பிடணும் என்பார். இன்றைக்குப் பொறியாளர்களும் அணையில் அதைத்தான் பார்க்கிறார்கள். உடைப்பு எடுக்கப் போகிறது என்றால் பறை முழங்கும். ஊருக்கு முதல் எச்சரிக்கை அந்தச் சத்தம்தான். அந்தச் சத்தம் கேட்டு வைக்கோல் பிரி, முள், மண் மூட்டையோடு கரைக்கு ஓடுவார்கள். யார் ஓடியது என்று சொல்ல வேண்டுமா?

எங்கய்யா காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கரையிலேயே நின்று உடைப்பை அடைத்தார்கள். ஊர் நெல்லு தப்பிச்சது. கரை உடையாமல் இருக்க வேண்டும் என்றால் கலுங்கில் பலகையை எடுத்துத் தண்ணீரை மறுகாலில் விட வேண்டும். விட்டார். அவர் கையாலேயே விட்டார். மறுகால் எங்க தெருவுக்குள் வந்தது. விடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது அடுப்பு கரைந்து கிடந்தது, ரெண்டு ஆடு போயிருந்தது. அந்த வருஷச் 'சுதந்திர'த்தில் அதற்கென்று ஒரு படி கூடுதலாக விழவில்லை. 2017-இல் குடிமராமத்தை அரசு மறுபடி கொண்டுவந்தது. வேலையை எடுத்துச் செய்தது ஆயக்கட்டுக்காரர் சங்கங்கள். ஆயக்கட்டுக்காரர் என்றால் நிலம் உள்ளவர். கரையின் ஒவ்வொரு வளையும் தெரிந்த நீர்பாய்ச்சிக்கு ஒரு செண்ட் ஆயக்கட்டு உண்டா? அவன் சங்கத்தில் இல்லை. இப்படித்தான் அறிவு ஒரு பக்கமும் அதிகாரம் இன்னொரு பக்கமும் கிடக்கிறது.

ஆயத்தத்தைப் பற்றி எங்க அம்மாவுக்குப் பாடம் நடத்தட்டும், கேட்கிறேன். புரட்டாசி பிறந்தால் கூரைக்கு மேலே பழைய சைக்கிள் டயரும் கல்லும் ஏறும். வாசலில் முழங்கால் உயரம் மண் அணை போடும். விதைச் சோளமும் உப்பும் உறியில் தொங்கும். எங்கள் சாதிச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுத்தி விட்டத்தில் செருகியிருக்கும். விறகைப் பரண் மேலே ஏற்றிவிடும். துண்டறிக்கையில் உள்ளது எல்லாம் எழுதப்படிக்கத் தெரியாத அம்மா செய்ததுதான். ஒன்று மட்டும் அம்மாவால் முடியவில்லை. பள்ளத்தை மேடாக்க முடியவில்லை.

மண் சுவர் எப்படி விழும் என்று பலருக்குத் தெரியாது. காற்றடிக்கும்போது விழாது. சுவரின் அடியில்தான் தண்ணீர் நிற்கும், அங்கேதான் முதலில் ஊறும். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தரையில் தெறித்துத் தெறித்து அடிச்சுவரை அரிக்கும். மேல் பாரம் அப்படியே இருக்கும், கால் மட்டும் மெலிந்து போகும். மழை விட்டு, 'அப்பாடா' என்று படுத்த ராத்திரியில் விழும். அப்படித்தான் அடுத்த வீட்டு அப்பத்தா செத்தது. வந்து பார்த்தவர் 'சுவர் பழசு' என்று எழுதிக்கொண்டு போனார். மழை நின்று ரெண்டு நாள் ஆகிவிட்டதாம். ஆகவே மழைச்சாவு இல்லையாம். அடிச்சுவரில் ஒன்றரை அடிக்குக் கல்லோ செங்கல்லோ வைத்துச் சிமெண்டு பூசியிருந்தால், கூரையை ரெண்டடி வெளியே இழுத்துவிட்டிருந்தால் அந்தக் கிழவி இன்னும் சில வருஷம் வெற்றிலை இடித்திருக்கும். இதைச் செய்யப் பெரிய பணம் வேண்டியதில்லை. ஆனால் சொந்தமில்லாத இடத்தில், எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று இருக்கிறவன் எந்த தைரியத்தில் கல் வைப்பான்?

'உங்களுக்குத்தான் அரசாங்கம் காலனி கட்டிக் கொடுத்திருக்கே' என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். கொடுத்தது. தொகுப்பு வீடு. எங்களுக்கு மனை வாங்கிக் கொடுக்கவே 1978-இல் தனிச் சட்டம் போட்டார்கள், நில எடுப்புக்கு. எந்த நிலம் வந்தது? எவன் நல்ல நிலத்தைச் சேரிக்குக் கொடுப்பான்? நல்ல நிலத்தைத் தொட்டால் வழக்குப் போடுவான். வழக்கில்லாமல் வருவது செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, ஓடைப் படுகை, உவர் தரை. அங்கே வரிசையாக வீடு. இருபது வருஷத்தில் தளத்தின் அடியில் காரை உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. மழை வந்தால் எங்க சனங்க தொகுப்பு வீட்டை விட்டு வெளியே வந்து திண்ணையில் படுக்கிறார்கள். வீடு மழைக்கு ஒதுங்கும் இடம் என்று படித்திருக்கிறோம். மழை வந்தால் ஓட வேண்டிய வீட்டைக் கட்டியவர்கள் நம்ம ஊர் ஒப்பந்தக்காரர்கள்.

இப்போது புதுத் திட்டம். கலைஞரின் கனவு இல்லம், 2024-இல் தொடங்கியது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு. நல்லது. வரவேற்கிறேன், கிண்டல் இல்லை. ஆனால் முதல் நிபந்தனை என்ன? பட்டா. புறம்போக்கில் இருந்தால் கிடையாது. வெள்ளத்தில் முதலில் போகிற குடிசை எது? புறம்போக்கில் இருக்கிற குடிசை. யாருக்கு மிகவும் தேவையோ அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே விருந்து வைக்கிறார்கள். அவன் குடிசை போனால் வேறு கணக்கு இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு குடிசைக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்கினார்கள். 8,000 ரூபாய்க்குக் கீற்றும் மூங்கிலும் வாங்கிக் கொத்தனார் கூலியும் கொடுத்துப் பாருங்கள். அதே பள்ளத்தில் அதே குடிசையைக் கூட முழுசாகக் கட்ட முடியாது.

புறம்போக்கு என்றதும் இன்னொரு வார்த்தை வந்துவிடும்: ஆக்கிரமிப்பாளர். 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் வந்தது. கண்மாய் காப்பாற்றப்பட வேண்டும் என்று என்னைவிட யாருக்கு அக்கறை? உடைந்தால் முதலில் சாவது நான். ஆனால் மூன்று தலைமுறையாக ஓடைக்கரையில் ஒதுக்கி வைத்துவிட்டு, இப்போது 'நீ ஓடையை ஆக்கிரமித்தாய்' என்றால் என்ன நியாயம்? மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் திறந்த இடத்தின் பேர் உலகனேரி. பேரிலேயே ஏரி இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பேர்தான் சொல்லுகிறது. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைச் சனங்களை அள்ளிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கத்தில் போட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்து ஓரம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பெண்களின் வீட்டு வேலையும் முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுபோயின.

மதுரை நகரத்துக்குள் வாருங்கள். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். செல்லூர்க் கண்மாயின் உபரித் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்கு இறங்க வேண்டும். வாய்க்காலில் குப்பையும் சாக்கடையும். அடுத்த வருஷம் மே கடைசியில் முதலமைச்சர் மதுரைக்கு வந்தபோது அந்த வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்கள். ஊரே சிரித்தது. பிறகு அவரே வாய்க்காலைப் போய்ப் பார்த்தார். துணியை மறக்க வேண்டாம் என்று நம்ம எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேரிடர் ஆயத்தம் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகச் சுருக்கமான ஆவணம் அது. அடுத்த மழைக்கு அந்தச் சாக்கடைக்குள் கழுத்தளவு இறங்கி அடைப்பை எடுக்கிறவன் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் அழுகின பிணங்களை எடுக்கப் பல நகராட்சிகளிலிருந்து கூட்டிப்போனது யாரை? நிவாரண முகாமில் ஒன்றாக உட்கார விடாமல் தள்ளியதும் அதே சனத்தைத்தான். தீட்டு பிணத்துக்கு இல்லை, எங்களுக்கு.

வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் என்று அந்தப் படத்தில் இருந்ததே, அதற்கு வருகிறேன். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் பக்கம் நடூரில் மழையில் ஒரு சுவர் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். எல்லாரும் தலித்துகள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள். சுவர் அவர்களுடையது இல்லை. பக்கத்துப் பங்களாக்காரர் எழுப்பியது, ஏறக்குறைய 20 அடி உயரம். சேரி கண்ணில் படக் கூடாது என்று எழுப்பிய சுவர் என்றே அங்குள்ள சனங்கள் சொன்னார்கள். செய்தி 'மழைக்கு 17 பேர் பலி' என்று வந்தது. மழையா கட்டியது 20 அடி? ஒருத்தன் தன் சொத்தைப் பத்திரப்படுத்துவது இன்னொருத்தன் தலையில் விழுகிறது என்றால், 'உங்கள் வீட்டைப் பலப்படுத்துங்கள்' என்பது எவ்வளவு ஆபத்தான புத்திமதி! நம்ம மாவட்டத்திலேயே உத்தப்புரம் இருக்கிறது. 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பிய சுவர், கிட்டத்தட்ட 600 மீட்டர். அதையும் 'பாதுகாப்புச் சுவர்' என்றே வாதாடினார்கள். அதன் மேல் மின்கம்பி கட்டியிருந்தது 2008 ஏப்ரலில் வெளியே வந்தது. மே 6-இல் போலீஸ் காவலோடு ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். பாதுகாப்பு என்ற சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று இனிமேலாவது தெரிந்துகொள்ளுங்கள்.

1934-இல் பீகாரில் பூமி அதிர்ந்தபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார் காந்தி. தாகூர் அப்போதே மறுத்தார். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. தீண்டாமையைச் செய்தவனுக்குத் தண்டனை என்றால் தீண்டப்படாதவன் குடிசை ஏன் இடிந்தது? கடவுளுக்கும் ஊர் எது சேரி எது என்று அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. அம்பேத்கர் பூகம்பத்துக்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கவில்லை. 1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் தனிக் குடியிருப்புக் கோரித் தீர்மானம் போட்டார்கள். 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், அரசுத் தரிசு நிலங்களில் நம்மைக் குடியேற்றத் தனியாக ஒரு ஆணையமே வேண்டும் என்று எழுதினார். சேரி நிற்கிற இடத்தை மாற்றாமல் சேரியின் விதி மாறாது என்று அவருக்குத் தெரியும். அதற்கும் முன்னால், 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று எழுதி வைத்தார். அதிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலம் இப்போது யார் பேரில் இருக்கிறது என்பது தனிக் கட்டுரை. கடல் தாண்டியும் இதே கதைதான். 2005-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கரை உடைந்தபோது கறுப்பர்கள் வாழ்ந்த தாழ்ந்த பகுதிகள் கூரை வரை மூழ்கின. பணக்கார நாடு, பெரிய கரை. பள்ளத்தில் யார் இருப்பது என்பதில் மட்டும் அவர்களும் நம்ம ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள்.

நம்ம தோழர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. வெள்ளம் வந்த பிறகு அரிசி மூட்டையோடு வருகிறீர்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். உண்மை அறியும் குழு போடுகிறீர்கள். அறிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. கார்த்திகை முடிந்ததும் எல்லாரும் போய்விடுகிறீர்கள். சித்திரை, வைகாசியில் வாருங்களய்யா. கண்மாய் வறண்டு கிடக்கும்போது வாருங்கள். மறுகால் ஓடையின் அகலம் வருவாய்த்துறைப் புலப்படத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு, மிச்சம் யார் தோட்டத்துக்குள் போனது என்று சங்கிலி பிடித்து அளப்போம். அப்போது தெரியும் யார் ஆக்கிரமிப்பாளர் என்று. சட்டம் படிக்கிற மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்: இந்த ஒன்றியத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் எத்தனை கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருக்கின்றன, பட்டாக் காகிதம் கொடுத்து நிலத்தை அளந்து காட்டாமல் விட்டது எத்தனை என்று.

அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மதுரை மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கப் பெறுகிற மழை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மேகம் கொஞ்சம் வடக்கே தள்ளி நின்றிருந்தால் நம்ம கண்மாய்ச் சங்கிலி என்ன ஆகியிருக்கும்? எங்க தாத்தா இல்லை. கரையில் எலி வளை எண்ணுகிற ஆளும் இல்லை. கலுங்குப் பலகை திருடு போய் வருஷம் ஆச்சு. செல்போனில் எச்சரிக்கை வருமாம். ராத்திரி ரெண்டு மணிக்கு, கரண்டு போன பிறகு, சார்ஜ் இல்லாத போனில்.

அக்டோபர் 2 கிராம சபை. வடகிழக்குப் பருவமழை அதே மாதம்தான் இறங்கும், நவம்பர் 1 சபைக்கு விட்டால் தண்ணீர் வந்துவிடும். போகும்போது இதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூடச் சாவியில் ஒன்று நம்ம தெருவில் இருக்க வேண்டும். மழை ராத்திரியில் வகுப்பறை யாருக்கு என்று பிரிக்கக் கூடாது என்பது தீர்மானமாகப் பதிவாக வேண்டும். மறுகால் ஓடையைத் தூர் வாரி அளந்து கல் நட வேண்டும். நீர்பாய்ச்சிக்கு ஊராட்சியிலிருந்து மாதச் சம்பளம், ஆள் நம்ம தெருவிலிருந்தே. மண் சுவர் வீடுகளுக்கு அடிச்சுவர் கட்டக் கல்லும் சிமெண்டும், பட்டா இருக்கிறதா என்று கேட்காமல். மேட்டில் கிடக்கும் அரசுத் தரிசு எது எது என்று சர்வே எண்ணோடு பட்டியல், அதில் மனைப்பட்டா. கடைசியாகச் சொன்னதற்குத்தான் சத்தம் வரும், நாற்காலி நகரும், 'அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ப்பா' என்பார்கள். எழுந்துவிடாதீர்கள். தீர்மான நோட்டில் ஏறியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.